உது ஆற்ற வீடு?

என் தங்கையின் மகனுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. இலங்கையில் யுத்தம் முடிந்தபோது அவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய புதிது. ஆனால் எந்த ரொக்கெட் எந்த டாங்கியின் எந்தப் பக்கத்தில் பட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வான். 2022-ல் உக்ரேன் யுத்தத்தோடு தொடங்கிய பழக்கம் இது. அப்போது ஜாவலின், என்லோ என்று டாங்கியை அடிக்கும் ஏவுகணைகளில் தினமும் ஒரு பெயர். 2023 ஒக்டோபருக்குப் பிறகு காஸா வீடியோக்கள். இடிபாட்டுக்குள்ளிருந்து ஒருவன் தோளில் குழாயோடு எட்டிப் பார்ப்பான், தூரத்தில் நிற்கும் டாங்கிக்கு மேலே தலைகீழாக ஒரு சிவப்பு முக்கோணம் வந்து நிற்கும், ஒரு வெடி, புகை, வீடியோ முடிந்துவிடும். குடும்ப வட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் பூக்களுக்கும் நல்லூர்த் தேர்ப் படங்களுக்கும் நடுவில் இவையும் வந்து விழும். பெரியம்மா ஒருத்தி எல்லாவற்றுக்கும் கும்பிடுகிற கையைப் போடுவார், இதற்கும் போடுவார்.

மருமகனின் வாதம் எளிமையானது. "மாமா, ஒரு ஆள், ஒரு குழாய், பல மில்லியன் டொலர் டாங்கி. யோசிச்சுப் பாருங்கோ." இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. அதே நேரம் ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை, அதுதான் தொல்லை. சிறியவன் பெரியவனை விழுத்துகிற கதை யாருக்குத்தான் கசக்கும்? எங்கள் சனத்துக்கு அந்தக் கதையில் தனி மயக்கம் வேறு உண்டு, அதைப் பற்றி இங்கே விளக்க வேண்டியதில்லை. வீடியோ வந்தால் நானும் கடைசிவரை பார்க்கிற ஆள்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்கில் ஏதோ ஒரு வரி விடுபட்டிருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அந்த வரியைக் கடைசியில் எடுத்துக் காட்டியது நானோ மருமகனோ இல்லை, எங்கள் குளியலறை ஒழுக்கைத் திருத்த வந்த மேசன் அண்ணை. அவரிடம் வருவதற்கு முன் கொஞ்சம் ஆயுதத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

வேகம் தேவையில்லாத அடி

ஒரு தனி மனிதனால் டாங்கியை அடிக்க முடிகிறது என்பதே யோசித்துப் பார்த்தால் விசித்திரமான விஷயம். இரும்பைத் துளைக்கப் பழைய வழி, கனமான ஒன்றை மிக வேகமாக எறிவது. வேகம் வேண்டுமென்றால் நீளமான பீரங்கி வேண்டும், பீரங்கி என்றால் பாரம், பாரம் என்றால் இழுக்க லொறி. அந்த வழியில் போனால் தோளில் வைக்கிற மாதிரி எதுவும் வராது. குழிந்த வெடிபொருளின் குணம் தெரிந்த பிறகுதான் கதை மாறியது. அமெரிக்க வேதியியலாளர் சார்ள்ஸ் மன்ரோ 1888-லேயே இதைக் கவனித்திருந்தார், ஆனால் உருப்படியான ஆயுதமாவதற்கு இரண்டாம் உலக யுத்தம் வரவேண்டியிருந்தது. வெடிமருந்தின் முன்பக்கத்தைக் கூம்பு வடிவில் குழித்து, உள்ளே மெல்லிய செம்புத் தகடு பதித்தால், வெடிக்கும்போது அந்தச் செம்பு நொறுங்கி ஒரு மெல்லிய கீற்றாக முன்னே பாய்கிறது. அதன் நுனி வேகம் நொடிக்கு 8 கிலோமீட்டர் அளவில் இருக்கும். பலர் எழுதுவதுபோல அது இரும்பை உருக்குவதில்லை. அந்த அழுத்தத்தில் இரும்பு வலிமையை இழந்து விலகிக் கொடுக்கிறது, ஈர மணல் மேட்டில் தோட்டத்துக் குழாயைப் பீச்சினால் மணல் விலகுகிறதே, அப்படி.

இதில் முக்கியமான விஷயம், அந்தக் கீற்றின் வேகம் வெடிமருந்திலிருந்து வருகிறது, குண்டு பறந்து வந்த வேகத்திலிருந்து இல்லை. குண்டு மெதுவாக வந்தாலும் பரவாயில்லை, சரியாக வந்து முட்டினால் போதும். ஆகவே பீரங்கி வேண்டாம், ஒரு குழாய் போதும். 1942-ல் அமெரிக்காவின் பஸூக்கா வந்தது, 1943-ல் ஜெர்மனியின் பன்சர்ஃபௌஸ்ட், 1961-ல் சோவியத் இராணுவம் ஏற்றுக்கொண்ட ஆர்.பி.ஜி-7. கடைசிப் பெயரை இந்த நாட்டில் யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஏழு கிலோ அளவில் ஒரு குழாய், முன்னே துருத்திக்கொண்டிருக்கும் 85 மில்லிமீட்டர் தலை. ஆரம்பகாலக் குண்டே 260 மில்லிமீட்டர் இரும்பைத் துளைத்தது.

ஆனால் இந்தக் குழாய்களுக்கெல்லாம் ஒரு விலை இருந்தது: கிட்டே போக வேண்டும். முதல் பன்சர்ஃபௌஸ்டின் தூரம் 30 மீட்டர். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை வாயிலில் நின்றால் காலி வீதியின் எதிர் நடைபாதை ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில் இருக்கும். அங்கே நிற்கும் தோசைக் கடைக்காரரின் முகம் இங்கிருந்து தெரியும். அந்தத் தூரத்தில் நாற்பது தொன் இரும்பு உறுமிக்கொண்டு வரும்போது ஒருவன் குழாயை நீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். 1950-ல் கொரியாவில் ஓசான் அருகே அமெரிக்கச் சிப்பாய்கள் அப்படிக் காத்திருந்து அடித்தார்கள், பழைய பஸூக்காவின் குண்டுகள் வட கொரியரின் ரி-34 டாங்கிகளை ஒன்றும் செய்யவில்லை. அடுத்த சில வாரங்களுக்குள் பெரிய பஸூக்காவை விமானத்தில் அவசரமாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். டேஜோன் நகரத் தெருக்களில் ஜெனரல் வில்லியம் டீனே ஆட்களைக் கூட்டிக்கொண்டு டாங்கி வேட்டைக்குப் போனார். ஒரு டிவிஷன் தளபதி செய்கிற வேலையா அது என்று இன்றைக்கும் இராணுவக்காரர்கள் வாதாடுகிறார்கள்.

வெட்டவெளியில் அந்தத் தூரம்வரை யாரும் உயிரோடு நெருங்க முடியாது. நகரத்தில் முடியும். ஏனென்றால் நகரத்தில் வீடுகள் இருக்கின்றன. இதை மிகக் கொடூரமாக நிரூபித்த இடம் குரோஸ்னி. 1994 டிசம்பர் 31, புதுவருட இரவு, ரஷ்யக் கவச அணிகள் செச்சினியத் தலைநகருக்குள் நுழைந்தன. புகையிரத நிலையம்வரை போன மைக்கோப் பிரிகேட், தன் 26 டாங்கிகளில் 20-ஐ இழந்தது என்று யுத்த ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். செச்சினியர்களில் பலர் முன்னாள் சோவியத் சிப்பாய்கள், அந்த டாங்கிகளின் குறைகள் அவர்களுக்கு அத்துப்படி. டாங்கியின் பீரங்கி ஒரு அளவுக்கு மேல் நிமிராது, ஒரு அளவுக்குக் கீழ் தாழாது. மேல்மாடி ஜன்னலும் நிலவறையும் அதற்கு எட்டாத இடங்கள். அங்கேயிருந்து, ஆர்.பி.ஜி. வைத்தவனும் இயந்திரத் துப்பாக்கிக்காரனும் குறிசுடுபவனுமாகச் சின்னச் சின்னக் குழுக்கள் அடித்தன. வரிசையின் தலையையும் வாலையும் முடக்கினால் நடுவில் உள்ளவை தெருவுக்குள் மாட்டிக்கொள்ளும். பிறகு ரஷ்யர்கள் வானத்தை நோக்கிச் சுடும் ஷில்கா, துங்குஸ்கா வண்டிகளை அணியோடு சேர்த்து அனுப்பினார்கள், அவற்றின் குழல்களாவது மேல்மாடிவரை நிமிரும் என்பதற்காக.

மருமகனுக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் இதுதான். நான்கூட ஒரு காலத்தில் இதை ஒரு தந்திரக் கதையாகத்தான் வாசித்தேன். பீரங்கி எத்தனை பாகை நிமிரும் என்றெல்லாம் குறித்து வைத்திருந்தேன்.

மேசன் அண்ணை

எங்கள் பிளாட்டின் குளியலறையிலிருந்து கீழ்வீட்டுக் கூரைக்கு நீர் கசிந்துகொண்டிருந்தது. கீழ்வீட்டு அன்ரி முறைப்படி மூன்று தரம் சிரித்துக்கொண்டும் நான்காம் தரம் சிரிக்காமலும் சொன்ன பிறகு, தெரிந்தவர் மூலம் ஒரு மேசனைப் பிடித்தேன். தென்மராட்சிக்காரர், அறுபதைத் தாண்டியவர், கொழும்பில் மகள் வீட்டில் இருந்துகொண்டு கைவேலையாகச் செய்கிறவர். தேநீர் நேரத்தில் மருமகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான், கையில் வழக்கம்போல ஒரு வீடியோ. ஒரு வீட்டின் மேல்மாடி. ஒருவன் ஜன்னலோரம் மண்டியிட்டு, தெருவில் போகும் கவச வாகனத்தைக் குறிவைக்கிறான். அடி. கீழே தீ. அண்ணை கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, தேநீர்க் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டுப் பார்த்தார்.

"தம்பி, உது ஆற்ற வீடு?"

"காஸா, ஐயா."

"ஊரைக் கேக்கேல்லை. உந்தாள் நிண்டு அடிக்கிற வீடு ஆரின்ரை எண்டு கேக்கிறன். பின்னாலை பாருங்கோ, அலுமாரி நிக்குது. உடுப்பும் அப்பிடியே கிடக்கு."

மருமகன் பின்னுக்கு இழுத்துப் பார்த்தான். இருந்தது. பழுப்பு நிற மர அலுமாரி, ஒரு கதவு பாதி திறந்தபடி, உள்ளே மடித்து வைத்த துணிகள், மேல்தட்டில் பூப்போட்ட ஒரு கம்பளி. சுடுகிறவனும் எரிகிற வாகனமும் மட்டும்தான் அதுவரை எங்கள் கண்ணில் பட்டிருந்தன. அண்ணை மேசன், அவர் கண் முதலில் சுவருக்குத்தான் போகிறது, அறைக்குத்தான் போகிறது. "இனி உந்த அறைக்கு என்ன நடந்திருக்கும் எண்டு அவை காட்டமாட்டினம்," என்றார், கோப்பையை எடுத்துக்கொண்டே.

அப்புறம் அவரே சொன்னார். 2002-ல் சமாதானம் வந்தபோது சாவகச்சேரிப் பக்கம் அவருக்குக் கைநிறைய வேலை. 2000-ஆம் ஆண்டுச் சண்டையில் அந்த ஊர் எப்படி ஆனது என்பது எல்லோருக்கும் தெரியும். ஷெல் விழுந்த வீடு வேறு, அதில் மேசனுக்கு யோசிக்க ஒன்றுமில்லை, இடிப்பதுதான். ஆர்.பி.ஜி. பட்ட சுவர்தான் ஏமாற்றும். "வெளியாலை பாத்தா ஒரு கைமுட்டி போற ஓட்டை. வீட்டுக்காரர் சொல்லுவினம், சின்ன ஓட்டைதானே அண்ணை, சீமெந்தைக் குழைச்சு அடைச்சு விடுங்கோ எண்டு. உள்ளுக்கை போனாத்தான் தெரியும்." உள்பக்கம் ஒரு வாசல் அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்திருக்குமாம். எதிர்ச் சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் குத்தல்கள். அதோடு முடிவதில்லை. பூச்சு விழாத இடத்தையும் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போக வேண்டும், கணீரென்று கேட்டால் சுவரோடு ஒட்டியிருக்கிறது, பொத்தென்று கேட்டால் உள்ளே விட்டுவிட்டது. பழைய சுண்ணக்கல் சுவர் என்றால் சில நேரம் கூரை வரை பொத்துப் பொத்தென்றே கேட்குமாம். எங்கள் குளியலறைச் சுவரை அப்படித் தட்டிக் காட்டினார், நல்ல வேளை அது கணீரென்றது.

இன்னொரு வகை வீடும் உண்டு என்றார். முன் சுவரில் ஒரு கீறல்கூட இருக்காது. பின் சுவர் கறுத்திருக்கும், பின்கதவு நிலையோடு கழன்றிருக்கும், ஓடுகள் கிளம்பியிருக்கும். அது அடி வாங்கிய வீடு இல்லை, உள்ளே நின்று யாரோ அடித்த வீடு. "எந்தப் பக்கத்து ஆக்கள் எண்டு சுவர் சொல்லாது தம்பி. நானும் கேக்கிறேல்லை. கேட்டா வீட்டுக்காரர் காசு தர முதல் அழத் தொடங்கிடுவினம்."

குழாயின் மற்ற வாய்

அன்று இரவு நான் பழையபடி வாசிக்கத் தொடங்கினேன், ஆனால் இந்த முறை டாங்கியை விட்டுவிட்டு அறையைத் தேடினேன். தேடினால் எங்கும் இருக்கிறது. தோளில் வைத்துச் சுடுகிற குழாய்க்கு இரண்டு வாய், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பின்னால் வெளியேறும் வாயு முன்னால் போகும் குண்டுக்கு ஈடுகட்டுவதால்தான் தோள் உடையாமல் இருக்கிறது. ஆர்.பி.ஜி-யில் முதலில் ஒரு சிறு மருந்து குண்டை வெளியே தள்ளி, சில மீட்டர் போன பிறகுதான் ரொக்கெட் மோட்டார் பற்றும், சுடுகிறவன் முகம் கருகாமல் இருக்க. அப்படியிருந்தும் பின்பக்கத்து வீச்சு ஆளைக் கொல்லும். வெட்டவெளியில் பின்னால் நிற்பவர்களை விலகச் சொல்லலாம். அறைக்குள் அந்த வீச்சு பின்சுவரில் முட்டித் திரும்பி வரும், கதவு, ஜன்னல், கூரை, சுட்டவனின் காது எல்லாவற்றையும் கேட்கும். எவ்வளவு பெரிய அறை, எவ்வளவு திறப்பு என்று இராணுவக் கையேடுகள் அடிக்கணக்கில் எழுதி வைத்திருப்பதை வாசித்தேன். வெள்ளவத்தையில் இன்றைக்குக் கட்டி விற்கிற பிளாட்டுகளின் ஹோலில் அதைச் செய்ய முடியாது என்று சொல்லலாம், சோபா செட் வைப்பதற்கே இடமில்லை.

ஆயுதம் செய்கிறவர்கள் இதைப் பல பத்தாண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஜெர்மனியின் ஆம்ப்ரஸ்ட், வாயுவுக்குப் பதில் பிளாஸ்டிக் துணுக்குகளைப் பின்னால் தள்ளியது, வாயு குழாய்க்குள்ளேயே அடைபட்டுவிடும். சுவீடனின் ஏ.ரி-4-ல் ஒரு வகை உப்புத் தண்ணீரைப் பின்னால் வீசுகிறது. பன்சர்ஃபௌஸ்ட்-3-உம் அப்படி ஒரு எதிர்ப் பாரத்தைப் பின்னால் தள்ளுகிறது. எல்லாம் எதற்கு? மூடிய அறைக்குள் நின்று சுடுவதற்கு. இதை வாசிக்கும்போது நான் பார்த்தது நல்ல பொறியியலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பொறியியல் முழுவதும் ஒருவருடைய படுக்கையறையை முன்கூட்டியே எண்ணத்தில் வைத்துச் செய்யப்பட்டது. படுக்கையறையில் யாரும் இல்லை என்று வரைபடத்தில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முன்வாயின் கதையும் அதே திசையில்தான் போகிறது. நகரத்துச் சண்டையில் டாங்கி எப்போதாவதுதான் எதிரே வரும், சுவர் எப்போதும் எதிரே நிற்கும். 1968-ல் வியட்நாமின் ஹுவே நகரத்தில் அமெரிக்க மரீன்கள் தங்களுடைய டாங்கி எதிர்ப்பு ரொக்கெட்டுகளை வீட்டுச் சுவர்களுக்கும் மதில்களுக்கும்தான் கொட்டித் தீர்த்தார்கள். ஆனால் அண்ணை கண்டதுபோல, குழிந்த வெடிபொருள் பெரும்பாலும் சுவரில் சின்னத் துளைதான் போடும், ஆள் நுழைய முடியாது. டாங்கிக்காகப் பிறந்த ஆயுதம் வீட்டுக்குச் சரிப்படவில்லை என்பது அவர்களுக்கு ஒரு குறை. குறையைச் சரிசெய்தார்கள். மரீன்களுக்கு 1980-களில் பதுங்குகுழிகளையும் சுவர்களையும் உடைப்பதற்கென்றே எஸ்மோ என்ற குழாய் வந்தது, 2004-ல் ஈராக்கின் பலூஜாவில் அதற்கு ஒரு புதுவகைக் குண்டும் வந்தது, அறைக்குள் வெடித்தால் கட்டிடத்தையே குலைக்கிற வகை. ரஷ்யர்களின் ஷ்மெல், தோளில் வைக்கும் குழாய்தான், டாங்கியோடு அதற்கு ஆரம்பத்திலிருந்தே சம்பந்தமில்லை, அறையும் குகையும் பங்கருமே அதன் இலக்கு. சிங்கப்பூர், இஸ்ரேல், ஜெர்மனி மூன்றும் சேர்ந்து செய்த மெட்டடோர் இரட்டைச் செங்கல் சுவரில் 45 சென்ரிமீட்டருக்கு மேல் ஓட்டை போடும் என்று விளம்பரத்திலேயே இருக்கிறது. சிங்கப்பூருக்கு அது ஏன் தேவைப்பட்டது என்பது எனக்குப் புரிகிறது, முழு நாடும் மாடி வீடு. ஆனாலும் அந்தச் செங்கல் கணக்கை வாசித்தபோது அண்ணையின் சுத்தியல் ஞாபகம் வந்தது.

குறி தப்பிய குண்டைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை. ஆர்.பி.ஜி-7-இன் குண்டு எதிலும் படாவிட்டால் ஏறக்குறைய 900 மீட்டர் பறந்து தானாக வெடிக்கும். பக்கக் காற்று அடித்தால் அது காற்றோடு ஒதுங்காமல் காற்றை நோக்கித் திரும்பும், ஆகவே பழக்கமில்லாத கை அடிக்கடி தப்பும். 900 மீட்டர் என்றால் காலி வீதியில் ஒரு பஸ் தரிப்பைத் தாண்டி அடுத்த தரிப்புக்குக் கிட்டப் போய்விடும். அதற்குள் எத்தனை ஜன்னல்?

கொழும்பில் ஒரு குழாய்

இதையெல்லாம் வேறு ஊர்க் கதையாகப் பேசிக்கொண்டிருக்க முடியாது. 1996 ஜனவரி 31, கோட்டையில் மத்திய வங்கி. லொறிக் குண்டுதான் எல்லோருக்கும் ஞாபகம், தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் இறந்ததும், கண்ணாடித் துண்டுகளால் ஏராளமானோர் பார்வை இழந்ததும். அந்த லொறிக்குப் பின்னால் ஒரு ஓட்டோ வந்தது என்பதும், அதில் வந்தவர்களிடம் துப்பாக்கிகளோடு ஒரு ஆர்.பி.ஜி-யும் இருந்தது என்பதும் பலருக்கு மறந்துவிட்டது. நாங்கள் மரக்கறியும் பிள்ளைகளும் ஏற்றிக்கொண்டு போகிற அதே மூன்று சில்லு. அந்தத் தெருவில் அன்று டாங்கி ஒன்றும் நிற்கவில்லை. வங்கி இருந்தது, வேலைக்கு வந்த எழுதுவினைஞர்கள் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு கொழும்பில் தமிழ் இளைஞனாக இருந்தவர்களுக்கு அந்த வருடங்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, சுற்றிவளைப்பு. எனக்கு அதில் மறக்காமல் இருப்பது ஒரு சின்னச் சம்பவம். அப்போது நாங்கள் இருந்த வாடகை வீட்டில் கழிவறைக் குழாய் உடைந்துவிட, ஹார்ட்வெயார் கடையில் நாலங்குல பி.வி.சி. குழாய் ஒரு துண்டு வெட்டி வாங்கிக்கொண்டு, பாரம் இல்லை என்பதால் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். ஒழுங்கை முனையில் சோதனைச் சாவடி. மணல் மூட்டைக்குப் பின்னால் நின்ற சிப்பாய் என் வயதுக்காரன்தான், என்னைக் கண்டதும் துப்பாக்கியை நிமிர்த்திக்கொண்டு கத்தினான். நான் நின்றேன். குழாயை மெதுவாக நிலத்தில் வைக்கச் சொன்னான். வைத்தேன், அது உருண்டு அவன் பக்கமே போனது, அவன் ஒரு அடி பின்னுக்குப் போனான். பிறகு கிட்ட வந்து, குனிந்து, குழாயின் ஒரு வாயால் மற்ற வாயைப் பார்த்தான். அந்தப் பக்கம் என் செருப்பு தெரிந்திருக்கும். எனக்கு வேர்த்து ஒழுகியது, அவனுக்கும்தான். கடைசியில் குழாயை எடுத்து என் கையில் தந்து, சிங்களத்தில் சொன்னான்: தோளில் வைக்காதே, கையில் பிடித்துக்கொண்டு போ. நல்ல மனுசன் என்றுதான் இப்போது நினைக்கிறேன். வேறு ஒருவனாக இருந்திருந்தால் குழாய்க்குள் பார்த்திருக்க மாட்டான்.

இந்தக் கதையை மருமகனுக்குச் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கத்தக்க கதைதான், நானும் சிரிக்கிற மாதிரித்தான் சொல்வேன். அவன் யாழ்ப்பாணம் போகும்போதெல்லாம் ஆனையிறவில் இறங்கி அந்த புல்டோசரைப் படம் எடுப்பவன். ஏ-9 வீதியில் போகிற தெற்குச் சுற்றுலாப் பஸ்களும் அங்கே நிற்கும். 1991 ஜூலையில் புலிகள் இரும்புத் தகடு ஒட்டி முகாமுக்கு எதிராக ஓட்டிவந்த வண்டி, அதன் மேல் கைக்குண்டுகளோடு ஏறி அதை நிறுத்தி உயிர்விட்டவர் கோப்ரல் காமினி குலரத்ன. ஒரே துருப்பிடித்த இரும்பு, பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஒரு கதை, எங்கள் ஆட்களுக்கு இன்னொரு கதை. இரண்டு கதையிலும் தனி ஆள் பெரிய இரும்பை எதிர்கொள்கிறான். ஆனையிறவு உப்பளவெளி, அங்கே நடுவில் யாருடைய அலுமாரியும் இருக்கவில்லை, அதனால்தானோ என்னவோ இரண்டு பக்கமும் அதைச் சுலபமாகக் கதையாக்க முடிகிறது. சாவகச்சேரியில் அப்படி எதையும் காட்சிக்கு வைக்கவில்லை. அண்ணை பூசி மறைத்துவிட்டார்.

மருமகன் சும்மா விடவில்லை. குளியலறை வேலை முடிகிற நாளில் வந்து, அண்ணையும் இருக்கும்போதே கேட்டான்: "சரி மாமா, அந்த ஆள் அடிக்காமல் விட்டிருந்தால் அந்த வீடு தப்பியிருக்குமா? டாங்கி அதைப் பார்த்துக்கொண்டு சும்மாவா போயிருக்கும்?" நியாயமான கேள்வி. குரோஸ்னியில் முதல் அடிக்குப் பிறகு ரஷ்யர்கள் படித்த பாடம் வீடுகளைத் தவிர்ப்பதில்லை, தூரத்தில் நின்று பீரங்கியாலும் விமானத்தாலும் வீடுகளை முதலில் விழுத்திவிட்டு உள்ளே போவது. நான் டாங்கியின் பக்கம் பேசவில்லை என்று அவனிடம் சொன்னேன். ஒரு ஆள், ஒரு குழாய், ஒரு டாங்கி என்று நீ எழுதுகிற கணக்கில் வீட்டையும் ஒரு வரியாக எழுது என்றுதான் சொல்கிறேன், விலையை யார் கட்டினார்கள் என்று பிறகு பார்க்கலாம்.

"அடிக்கிறவனின் சொந்த வீடாக இருந்தால்?" என்றான்.

அதற்கு நான் வாய் திறப்பதற்குள் அண்ணை குளியலறைக்குள்ளிருந்து, தரையோட்டுக்கு வெள்ளைச் சீமெந்து தேய்த்துக்கொண்டே, பதில் சொன்னார். "சொந்த வீடெண்டா ஆரும் அறைக்குள்ளை நிண்டு அடிக்கமாட்டினம் தம்பி. முற்றத்துக்கு இறங்குவினம்."

கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அது உண்மை என்று எனக்குத் தோன்றவில்லை. 1945-ல் பேர்லினில் பன்சர்ஃபௌஸ்டைத் தூக்கிக்கொண்டு நிலவறைகளில் காத்திருந்த கிழவர்களும் பதினாறு வயதுப் பையன்களும் பலர் அதே நகரத்துக்காரர்கள்தான், அம்மாவும் அயலவரும் பக்கத்து நிலவறையில் இருக்கும்போதே அடித்தார்கள். மனிதர்கள் சொந்த வீட்டிலிருந்தும் அடிப்பார்கள். இதை மருமகனிடம் சொன்னேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது, தன் வாதத்துக்குப் பலம் கிடைத்தது என்று எடுத்துக்கொண்டான். அது எனக்குத் துளியும் பிடிக்கவில்லை.